அந்தக் கண் கிரீம் பெட்டி பற்றி

மேற்கு மாம்பலம், சென்னை-33
மே 12

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் பெட்டியின் படமும் வந்து சேர்ந்தன. அக்னி நட்சத்திரத்தில் ஃபேஷியலுக்கு ஆள் இல்லை, கருவளையத்துக்கு மட்டும் ஆள் குறையவில்லை என்று எழுதியிருந்தாய். தாம்பரத்தில் மட்டுமா, இங்கேயும் அதே கதைதான்.

கம்பெனிப் பிரதிநிதி காட்டிய அந்தக் கண் கிரீமில் 20 பெட்டி வாங்கி உன் பார்லரில் விற்கலாமா, மணப்பெண் பேக்கேஜிலும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். 20 பெட்டி வேண்டாம், 5 வாங்கு. கண்ணுக்குக் கீழே தோல் வறண்டு, நுண்கோடு விழுந்தவர்களுக்கு மட்டும் கொடு. மணப்பெண் பேக்கேஜில் சேர்க்காதே. கிரீம் மோசமில்லை. ஆனால் பெட்டியின் முன்பக்கம் சொல்வதும் உள்ளே இருப்பதும் வேறு வேறு.

பெட்டியில் மூலப்பொருள் பட்டியல் அச்சடித்திருப்பதே ஒரு நல்ல குறி. நம் 2020-ஆம் ஆண்டு காஸ்மெட்டிக்ஸ் விதிகளில் 30 கிராமுக்குக் குறைவான கிரீமுக்கு மூலப்பொருள் பட்டியல் கட்டாயமில்லை. கண் கிரீம்கள் பெரும்பாலும் 15, 20 கிராம்தான் என்பதால் இந்தச் சலுகைக்குள் வந்துவிடும். பட்டியல் இல்லாத சரக்கை, பிரதிநிதி எவ்வளவு மார்ஜின் தருகிறேன் என்றாலும் உள்ளே விடாதே.

பட்டியலைப் படிக்கும் முறை உனக்குத் தெரியும். 1 சதவீதத்துக்கு மேலே இருப்பவை அளவில் இறங்குவரிசையில் வரும், அதற்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று பெட்டி சொல்லாது. ஃபீனாக்ஸிஎத்தனாலைத் தேடிப் பிடி. கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. ஐரோப்பிய விதிப்படி அதன் உச்ச வரம்பு 1 சதவீதம், தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அதற்குள்தான் நிற்பார்கள். அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் ஏறக்குறைய 1 சதவீதத்துக்குக் கீழேதான்.

உன் பெட்டியில் அதற்கு முன்னால் இருப்பவை: தண்ணீர், கிளிசரின், ஸ்குவாலேன், நியாசினமைடு, டைமெத்திகோன், செட்டியரில் ஆல்கஹால், பாந்தெனால், கஃபைன். பின்னால் இருப்பவை: சோடியம் ஹயலூரோனேட், செராமைடு என்பி, அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-8, வெள்ளரிச் சாறு, பெர்ஃப்யூம், லினலூல். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது ஹயலூரோனிக், செராமைடு, பெப்டைடு. மூன்றும் கோட்டுக்குக் கீழே! பந்தியில் தலைவாழை இலை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவர், அடுப்படியில் வேகிறவர் இன்னொருவர்.

வேலை செய்வது கிளிசரின். 5 சதவீதம் வாக்கில் இருந்தாலே தோலின் மேலடுக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், 10-ஐத் தாண்டினால் நம் ஊர் வியர்வையில் பிசுபிசுக்கும். அதற்குத் துணையாகப் பாந்தெனால். ஸ்குவாலேன் தோலை மிருதுவாக்கும். டைமெத்திகோன் மேலே ஒரு மெல்லிய படலம் போட்டுத் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். ஈரம் காக்க இந்தக் கூட்டணி நன்றாகவே போதும். செட்டியரில் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்து வாடிக்கையாளர் யாராவது பயந்தால், அது சாராய வகை இல்லை, மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள், கிரீமுக்குக் கெட்டித்தன்மை தருவது என்று சொல். தோலை உலர்த்துவது ‘ஆல்கஹால் டீநேச்சர்டு’ என்று வருகிற சாராயம். அது பட்டியலில் முன்னால் இருந்தால்தான் கவலைப்படணும்.

ஹயலூரோனேட் கோட்டுக்குக் கீழே இருப்பது குற்றமில்லை. பெரிய மூலக்கூறு வகையைத் தண்ணீரில் 1 சதவீதம் போட்டாலே கஞ்சிப் பசை மாதிரி கெட்டியாகிவிடும், அதனால் 0.1, 0.2 சதவீதம்தான் வழக்கம். ‘2% ஹயலூரோனிக் காம்ப்ளெக்ஸ்’ என்று யாராவது காட்டினால் ‘காம்ப்ளெக்ஸ்’ என்ற சொல்லைக் கவனி. ஏற்கெனவே தண்ணீரில் கரைத்த சரக்கில் 2 சதவீதம் ஊற்றியிருப்பார்கள். தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு தண்ணீரைப் பிடிக்கும் என்பதையும் தோலுக்கு அப்படியே பொருத்திப் பேசாதே.

செராமைடு விஷயத்தில்தான் எனக்குக் குறை. தோலின் தடுப்புச்சுவரில் செராமைடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன. இந்தப் பட்டியலில் மற்ற இரண்டும் இல்லை. தனிச் செராமைடு, அதுவும் துளி அளவில், ‘தடுப்புச்சுவரைச் சீரமைக்கும்’ என்று போட்டுக்கொள்ளப் போதாது. சுருக்கம் விழவைக்கும் தசையைத் தளர்த்தும் என்று விற்கிற பெப்டைடும் அப்படித்தான். அதன் மூலக்கூறு எடை 889, தோலுக்குள் எளிதில் நுழைய முடியாத அளவு பெரிது, போதாததற்குத் தண்ணீரில் கரைகிற குணமும். தோலைத் துளைத்துத் தசை வரை போகும் என்பது விளம்பர ஆசை. வெள்ளரிச் சாறு பெட்டியில் படம் போடுவதற்காக.

நியாசினமைடு நாலாவது இடத்தில் இருப்பது நல்லது. 2 முதல் 5 சதவீதம் வரை இருந்தால் பழுப்பு நிறத்தைக் கொஞ்சம் குறைக்கும், அதற்கு 8 முதல் 12 வாரம் வேண்டும். கஃபைன் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குச் சற்று முன்னால் இருப்பதால் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ரத்தக்குழாயைச் சுருக்கிக் காலை வீக்கத்தை ஒன்றிரண்டு மணி நேரம் தணிக்கும், அவ்வளவுதான். இங்கே ஒரு தொழில் ரகசியம்: கஃபைன் 25 டிகிரித் தண்ணீரில் சுமார் 2 சதவீதம் கரையும், 0 டிகிரிக்கு வந்தால் 0.6 சதவீதம்தான். கஃபைன் அதிகமுள்ள ஜெல்லை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ‘மணல் மணலா இருக்கு, கெட்டுப்போச்சு’ என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். கெடவில்லை, கஃபைன் படிகமாகிவிட்டது. ஆனால் அந்தப் படிகத்தைக் கண்ணடியில் தேய்க்கக் கூடாது. உன் கிரீமில் அளவு குறைவு, இருந்தாலும் ஃபிரிட்ஜ் வேண்டாம். ஜன்னலோரம், ஸ்கூட்டர் டிக்கி, இந்த இரண்டிலிருந்தும் தள்ளி வைத்தால் போதும்.

எனக்குப் பிடிக்காதது பட்டியலின் கடைசி இரண்டு பெயர்கள், பெர்ஃப்யூமும் லினலூலும். இரண்டும் வாசனைக்குச் சேர்ப்பவை. இமைத்தோலின் தடிமன் அரை மில்லிமீட்டர் வாக்கில்தான், எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே குறைவு. ஒவ்வாமை சீக்கிரம் காட்டுகிற இடம் அது. ஐரோப்பாவில், கழுவாமல் விடும் கிரீமில் லினலூல் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் போட்டாக வேண்டும். அளவு சின்னதுதான், ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவே போதும். பிரதிநிதி அடுத்த தடவை வரும்போது வாசனை சேர்க்காத வகை இருக்கிறதா என்று கேள். ‘டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்’ முத்திரையைக் காட்டி மழுப்புவார். சோதித்தார்கள் என்றுதான் அது சொல்கிறது, என்ன முடிவு வந்தது என்று சொல்லவில்லை.

சரி, கருவளையம். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அப்புறம் பேசு. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக முகத்தை நிமிர்த்தச் சொல். கருமை காணாமல் போனால் அது கண்ணடிப் பள்ளத்தின் நிழல். எந்தக் கிரீமும் பள்ளத்தை நிரப்பாது. கருமை அப்படியே இருந்தால், கீழ்த்தோலை விரலால் லேசாகப் பக்கவாட்டில் இழு. பழுப்பு மாறாமல் நின்றால் நிறமி. நீலமோ ஊதாவோ தூக்கலாகத் தெரிந்தால் மெல்லிய தோலுக்கு அடியிலிருக்கும் ரத்தக்குழாய். நம் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். நிறமிக்கு நியாசினமைடும், அதைவிட முக்கியமாகத் தினசரி சன்ஸ்கிரீனும். கண் பக்கம் எரியாமலிருக்க ஜிங்க் ஆக்ஸைடு வகைதான் நல்லது. அரிப்போடும் தும்மலோடும் கருமை வந்தால், தூசி ஒவ்வாமையில் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து வந்தது. அவர்களுக்குக் கிரீம் விற்காமல் டாக்டரிடம் அனுப்பு. இரண்டு கண்ணும் காலையில் வீங்கி, காலும் வீங்கினால் சிறுநீரகம் பார்க்கச் சொல்ல வேண்டிய கேஸ். அதைக் கஃபைனால் மூடாதே.

இன்னொன்று கட்டாயம் கேட்டுவிடு: ‘மெடிக்கல் ஷாப்ல வாங்கி ஏதாவது போடுறீங்களா?’ ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் கிரீம்கள் இன்னும் பிஸ்கட் மாதிரி விற்கின்றன. தோலில் போடும் ஸ்டீராய்டு பலவற்றை 2018-இல் ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலுக்குள் கொண்டுவந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியும் இந்த நிலைமை. கண்ணடியில் மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதம் போல மெலியும், கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். அவர்களிடம் இந்தக் கிரீமையோ வேறெதையோ விற்காதே. தோல் டாக்டரிடம் போகட்டும். திடீரென்று நிறுத்தினாலும் சிவந்து எரியும்.

சோதிக்கும் விதத்துக்கு வருகிறேன், உன் பழைய முறை எனக்குப் பிடிக்கவில்லை. கிரீம் போட்டு 20 நிமிடத்தில் எடுத்த படம் எதையும் நிரூபிக்காது. கிளிசரின் ஊறி வரி நிரம்பும், டைமெத்திகோன் பளபளக்கும், எந்த மாய்ஸ்சரைசரிலும் அது வரும். சில கண் கிரீம்களில் மைக்காவும் டைட்டானியம் டையாக்ஸைடும் சேர்த்து உடனடி வெளுப்பைக் காட்டுவார்கள், கழுவினால் போய்விடும். இப்படிச் செய்: முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், அதே இடத்திலேயே, காலையும் இரவும் 7 நாள். சிவப்போ அரிப்போ வந்தால் அங்கேயே நிறுத்து. வராவிட்டால் வலது கண்ணடியில் மட்டும் 4 வாரம். இடது கண்ணுக்கு அவர்கள் ஏற்கெனவே போடும் சாதா மாய்ஸ்சரைசர். படம் காலையில், முந்தின இரவு போட்டு முழுதாக 10, 12 மணி நேரம் கழித்து, புதிதாகப் போடும் முன்னால், ஒரே ஜன்னல், ஒரே தூரம், ஃபிளாஷ் இல்லாமல். 4 வாரத்தில் வறட்சியிலும் நுண்கோட்டிலும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தால், பெட்டியில் ‘கண்’ என்ற இரண்டெழுத்துக்குத்தான் கூடுதல் காசு. 15 கிராம் 600 ரூபாய் என்றால் கிராமுக்கு 40. 100 கிராம் 400 ரூபாய் மாய்ஸ்சரைசர் கிராமுக்கு 4.

போடும் அளவு இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பச்சைப்பயறு. காலை, இரவு இரண்டு வேளை போட்டால் 15 கிராம் இரண்டரை மாதமாவது வரும். ஒரே மாதத்தில் தீர்ந்ததென்றால் அப்பித் தள்ளுகிறார்கள். மோதிர விரலால், கண்குழி எலும்பின் விளிம்பில் தட்டினால் போதும். இமை மயிருக்குக் கிட்டே போகத் தேவையில்லை, கிரீம் தானே மேலே ஏறும். இரவில் படுக்க அரை மணி முன்னால் போடச் சொல், இல்லையென்றால் தலையணையில் படுத்ததும் கண்ணுக்குள் வழிந்து காலையில் மங்கலாகத் தெரிகிறது என்பார்கள். பகலில் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு வியர்வையோடு இறங்கி எரியும், அவர்களுக்கு இரவு மட்டும். ஓஎம்ஆர் சாலை ஐடி ஆபீஸ்களில் நாள் முழுக்க ஏசியில் உட்காருபவர்களுக்கு நேர்மாறு. காலையில் ஈரத் தோலின் மேல் போட்டால்தான் நிற்கும். இரவில் அதன் மேலே வாஸ்லின் பொட்டளவு தடவினால் இன்னும் நல்லது. ஆனால் வெள்ளை மணிமணியாக மிலியா வருகிறவர்களுக்கு வாஸ்லின் வேண்டாம். சன்ஸ்கிரீன் மேலே உருண்டு உருண்டு வந்தால் 5 நிமிடம் இடைவெளி விடாமல் போட்டிருப்பார்கள், அல்லது அளவு அதிகம்.

மை கலைப்பதைப் பற்றியும் உன் பெண்களுக்குச் சொல்லிக்கொடு. பஞ்சில் எண்ணெய் தோய்த்து இமைமேல் 20, 30 விநாடி வைத்துப் பிறகு துடைக்கணும். வறட்டுப் பஞ்சால் தேய்த்தால் கிரீம் ஒரு மாதத்தில் சம்பாதித்ததை ஒரு வாரத்தில் தொலைத்துவிடலாம்.

இதே கம்பெனியின் ‘நைட்’ வகையையும் தருகிறேன் என்றாராமே பிரதிநிதி? அதில் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை இருந்தால், கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் சீக்கிரம் பிள்ளை பெற நினைக்கிற புது மணப்பெண்களுக்கும் கூடாது. கண் வறட்சி உள்ளவர்களுக்கும் வேண்டாம். அந்தப் பெட்டியின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. குப்பியா டியூபா என்றும் எழுது. விரலை விட்டு எடுக்கும் குப்பியென்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
கீதா