பிரதமர் பிரேசில் போய்வந்தார், அப்பளம் விலை குறையுமா?

மதுரை,
ஆடி மாதம், 2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஜூலையில் பிரதமர் மோடி பிரேசில் போய்வந்த செய்தி வந்ததிலிருந்து, நேரில் வருகிறவர்களும் போனில் ஆர்டர் சொல்கிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "பிரேசில்லருந்து உளுந்து வரப்போகுதாமே, அப்பளம் விலையைக் குறைப்பீங்களா?" கல்யாணச் சமையல் எடுக்கும் அண்ணாச்சிகள், "இப்பவே குறைச்சுப் போடுங்க" என்று பில்லில் கை வைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்போதைக்குக் குறையாது. ஆவணி முகூர்த்தங்கள் முடியும்வரை ஏறவும் ஏறாது. காரணத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பளத்துக்கு உயிர் உளுந்து. உப்பும் அப்பளக்காரமும் எங்கள் செலவுக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நம் பக்கத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளைவது தை, மாசியில் வரும். டெல்டாவில் நெல் அறுத்த தரிசில் போடுவது பங்குனி வாக்கில் வரும். இரண்டும் தீர்ந்த பிறகு வண்டி ஓடுவது பெரும்பாலும் பர்மா உளுந்தில்தான். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு மியான்மரிலிருந்தே வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் உளுந்தை அதிகம் சாப்பிடுவதில்லை, நமக்காகவே விதைக்கிறார்கள். அதில் பெரும்பகுதியை வாங்குவது நாம்தான் என்பதால், நம் அரசு ஒரு அறிவிப்பு போட்டால் அங்கே ஒரு விவசாயியின் வருஷமே மாறிப்போகும்.

2017 ஆகஸ்டில் அப்படித்தான் ஆனது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2015இல், துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. அந்தச் சூட்டில் வெளிநாடுகளிலிருந்து வரவழைத்தோம், இங்கேயும் விளைச்சல் பெருகியது, விலை சரிந்தது. நம் விவசாயியைக் காப்பாற்ற, துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு அளவு விதித்தது அரசு. நம் பக்கத்து நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் இந்தியாவை நம்பி விதைத்தவன் சரக்கை வைத்துக்கொண்டு முழித்தான். 2021 மே மாதம்தான் கதவு மறுபடி திறந்தது. இன்றைக்கு உளுந்துக்குத் தடை கிடையாது. ஆனால் இந்தச் சலுகையும் கெடு வைத்து நீட்டித்து வருவதுதான், 2025இல் நீட்டித்தபோது வைத்த கெடு 2026 மார்ச் 31.

பிரேசில் விஷயத்துக்கு வருவோம். அந்த நாட்டில் பீன்ஸ் வகைப் பயறும் சோறும் தினச் சாப்பாடு. அந்தப் பயறு வேறு, நம் உளுந்து வேறு. உளுந்தை அவர்கள் விதைப்பதென்றால் அது பெரும்பாலும் நமக்கு விற்கத்தான். சில வருஷமாக அப்படி விதைத்து அனுப்பவும் தொடங்கியிருக்கிறார்கள். 'நாளைக்கு இந்தியா கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது?' என்ற பயம் அவர்களுக்கும் இருக்கும்தானே? நாட்டுத் தலைவர்கள் நேரில் உட்கார்ந்து பேசுவதால் இந்தப் பயம் கொஞ்சம் தணியும். எங்கள் தொழிலுக்கு அந்தப் பயணத்தால் கிடைத்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்தியப் பிரதமரே அங்கே அரசுமுறைப் பயணம் போயிருக்கிறார். ஜூலை 8 அன்று பிரேசிலியாவில் அதிபர் லூலாவுடன் பேசி, இரு நாட்டு வணிகத்தை ஐந்து ஆண்டுகளில் 2,000 கோடி டாலருக்குக் கொண்டுபோக இலக்கு வைத்திருக்கிறார்கள். வேளாண் ஆராய்ச்சியில் சேர்ந்து வேலை செய்யவும் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

ஆனால் 'இத்தனை டன் உளுந்து வாங்குகிறோம்' என்று அதில் எதுவும் இல்லை. இந்த மாதிரிப் பயணச் செய்தி வந்தால் நாங்கள் முதலில் தேடுவது அந்த டன் கணக்கைத்தான். 2016 ஜூலையில் பிரதமர் ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக் போனபோது அப்படி ஒன்று இருந்தது. முதல் வருஷம் ஒரு லட்சம் டன் பருப்பு, 2020-21க்குள் இரண்டு லட்சம் டன் என்று எழுதியே போட்டார்கள். அப்படி எழுதியும், 2023 கடைசியில் அங்கே நகாலா துறைமுகத்தில் துவரை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் மியான்மரைப் பாருங்கள். பெரிய பயணம், கைகுலுக்கல் எதுவும் இல்லாமலே, 2021இல் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து என்று ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் ஆனது. 2024 ஜனவரியிலிருந்து டாலரைத் தேடாமல் ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கவும் வழி வந்தது. போட்டோ வராத இந்த ஏற்பாடுகள்தான் விருதுநகர் பருப்பு மார்க்கெட்டில் விலையை அசைக்கின்றன.

சரி, சரக்கு எப்படி? சில மாதம் முன்பு கமிஷன் கடை வழியாக பிரேசில் உளுந்து கொஞ்சம் எடுத்து அரைத்துப் பார்த்தோம். மணி ஒரே அளவு, கல் மண் இல்லை, தோல் நீக்கினால் பளிச்சென்று இருந்தது. ஆனால் பிசையும்போது மாவு வழக்கத்தைவிடத் தண்ணீர் கூடுதலாகக் கேட்டது. உருண்டையை இழுத்தால் நீண்டு வராமல் பட்டென்று அறுந்தது. தேய்த்துக் காயவைத்து எண்ணெயில் போட்டோம். நடுவில் நன்றாகப் பொங்கியது, ஓரம் மடங்கிக்கொண்டது. எங்களிடம் அப்பளம் தேய்க்கும் அக்காமார், "இட்லிக்கு வச்சுக்கலாம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ஒரு லாட்டை வைத்து ஒரு நாட்டுச் சரக்கையே ஒதுக்கிவிட முடியாது. அடுத்த அறுவடைச் சரக்கு வந்தால் மறுபடி எடுப்போம், பர்மா உளுந்தோடு கலந்தும் பார்ப்போம். கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் பயணம் என்பதால் வாடகைக் கணக்கும் கட்டி வர வேண்டும்.

விலை குறைந்த அப்பளம் சந்தையில் கிடைக்கிறதே என்று சிலர் கேட்டீர்கள். கிடைக்கிறது. மைதாவோ அரிசி மாவோ சேர்த்தால் நாங்களும் அந்த விலைக்குத் தரலாம். சேர்ப்பதாக இல்லை. பொரித்த அப்பளத்தை ரசச் சோற்றில் நொறுக்கிப் போட்டுப் பாருங்கள், எது எது என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம், லண்டனுக்குப் பார்சல் வாங்குகிறவர்கள் 2025 ஜூலை 24ஆம் தேதி கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வணிக ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அது அமலுக்கு வந்த பிறகுதான் கணக்குத் தெரியும். அங்கே சரக்கு எடுப்பவர்களுக்கு வரி மிச்சமானால் எவ்வளவு என்று கேட்டுச் சொல்கிறோம்.

ஆர்டர் விஷயம். ஆவணி முகூர்த்தத்துக்குப் பெரிய அப்பளம் வேண்டுகிறவர்கள் பத்து நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் காயவைப்பது இழுக்கும். முன்பணம் கட்டியவர்களுக்கு இன்றைய விலையே, நடுவில் ஏறினாலும் கூடுதல் கேட்க மாட்டோம். மளிகைக் கடைக்காரர்களுக்குப் புரட்டாசியில் புது விலைப்பட்டியல் வரும். அதற்குள் வடக்கே ஆடியில் விதைத்த உளுந்து மழைக்குத் தாங்குமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அப்பளக் கம்பெனிக்காரர்,
ஜெய்ஹிந்த்புரம், மதுரை