சனிக்கிழமை ஊர் வகுப்புக்கு ஆறு பேர் வேண்டும்

வணக்கம் அக்காமாரே, தங்கச்சிகளே. நம் கல்லூரி இரண்டாம் ஆண்டு நர்சிங் பிள்ளைகளுக்கு நலவாழ்வு மேம்பாட்டுப் பாடத்தை ஊரில் வைத்தே சொல்லிக்கொடுக்கப் பழைய மாணவிகள் ஆறு பேர் தேவை. வரும் சனிக்கிழமை மாலை 4 மணி. 3.30க்குத் திருவையாறு பேருந்து நிலையத்தில் கூடுவோம்.

காலையில் வேண்டாம் என்றது நான்தான். போன வருடம் நடவுக்குக் கிளம்பிய பெண்களை நிறுத்திவைத்துப் பிள்ளைகள் சார்ட்டைப் பார்த்துப் படிக்க, ஒரு பாட்டி "உப்பைக் குறைங்கிறே, சரி, பழைய சோத்துக்கு எதைத்தான் தொட்டுக்கிறது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

1. ஒருவருக்கு இரண்டு மாணவிகள், மூன்று வீடு. முதலில் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள்.

2. டீஸ்பூன் கொண்டு வாருங்கள். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள்தான் உப்பு, ஊறுகாயும் கருவாடும் மோர்மிளகாயும் அந்தக் கணக்கில்தான் என்பதை அந்த வீட்டு உப்பு ஜாடியிலேயே அளந்து காட்ட வேண்டும்.

3. பிபி மெஷின் இருப்பவர்கள் எடுத்து வரவும். 140/90க்கு மேல் வந்தால் பயமுறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

4. 5.30க்கு அரசமரத்தடியில் ஊர்ப் பேச்சு. நலவாழ்வு மேம்பாட்டுக்கென உலக அளவில் வகுத்த 1986 ஒட்டாவா சாசனத்தின் ஐந்து வழிகளைப் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள். வாய்க்கால் குப்பையை யார் அள்ளுவது என்று ஊர்க்காரர்களே பேசி முடிப்பதும் அதில் ஒன்று என நேரில் பார்க்கட்டும்.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது!