கூலி ஏன் ஏறியது?

ஆசிரியருக்கு,

நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற பேச்சு எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் நடக்கும். நானும் தலையாட்டியவன்தான். நடவுக்கு ஆள் தேடி அலைந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

ஆனால், பிரியாத ஆந்திரத்தில் நடந்த ஓர் ஆய்வு வேறு கணக்கு சொல்கிறது. அங்கே நூறு நாள் வேலைத் திட்டக் கூலியைக் கைரேகை அட்டை மூலம் வழங்கத் தொடங்கியபோது, எந்த மண்டலத்துக்கு (மாவட்டத்தின் உட்பிரிவு) முதலில் அட்டை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். அதனால் 157 மண்டலங்களை நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் ஆராய்ந்ததில், அட்டை முதலில் வந்த இடங்களில் பயனாளிக் குடும்பங்களின் சம்பாத்தியம் 14 சதவீதம் கூடியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூடுதலில் 86 சதவீதம் திட்டக் கூலியே அல்ல, வெளியே உழைத்து வந்த பணம். வெளிக்கூலியும் ஏறியது, வெளிவேலையும் குறையாமல் கூடியது.

காரணம் புரியாததல்ல. அரசு வேலையும் அதன் கூலியும் ஒழுங்காகக் கிடைக்கும் என்றால், 'இந்தக் கூலிக்கு வந்தால் வா, இல்லாவிட்டால் போ' என்று நிலக்காரர் சொல்ல முடியாது. சொல்லிப் பழகியவன் என்பதால் எனக்குத் தெரியும்!

என் சாகுபடிச் செலவு கூடியது உண்மைதான், சரி. அந்தக் கோபத்தை நெல் விலை மீது காட்டாமல் நூறு நாள் வேலை மீது காட்டுகிறோமோ என்பதுதான் இப்போது என் சந்தேகம்.

ஒரு சிறு விவசாயி,
மன்னார்குடி