தண்டலுக்குக் குரல் கொடுத்த எல்லாருக்கும் நன்றி

பகாவ் மக்களே, தோட்டத்து உறவுகளே, கோலாலம்பூர் செராஸ் ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவு டாக்டர்களே, தாதியர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

புற்றுநோயால் குரல்வளையை இழந்த என் அப்பா மறுபடியும் பேசுவதற்குத் துணை நின்ற உங்களை ஒவ்வொருவராகப் பார்த்து நன்றி சொல்லலாம் என்றுதான் இருந்தேன். லிஸ்ட் போடப் போட நீண்டுகொண்டே போகிறது, அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை. போட்டால் யாராவது ஒருவர் விடுபட்டு, அடுத்த திருவிழா வரை என்னோடு பேசமாட்டார்.

அப்பாவைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. தோட்டத்தில் பால்மரம் என்கிற ரப்பர் இருந்த காலத்திலும், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை வந்த பிறகும் ஆட்களை வேலை வாங்கும் தண்டலாக இருந்தவர். விடியற்காலை பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், அவர் பெயர் கூப்பிட்டால் கடைசி லயத்து வீட்டில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான் என்பார்கள். அந்தக் குரல்தான் கம்மத் தொடங்கியது. ஒரு கிளினிக்கில் சளி என்று சொல்லி மாதக்கணக்கில் இருமல் மருந்தே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. ஆனால் இதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகவில்லை என்றால், அதுவும் புகை பிடிக்கிற ஆள் என்றால், தொண்டை டாக்டர் ஒருவர் உள்ளே பார்த்தே ஆகவேண்டும். அப்பா ரோக்கோ டவுன் என்கிற இலைச் சுருட்டில் ஆரம்பித்து சிகரெட்டுக்குப் போனவர், சம்பள நாளில் சம்சு என்கிற மலிவுச் சாராயமும் உண்டு. புகையும் சாராயமும் சேர்ந்தால் குரல்வளைப் புற்றுக்கு வழி இன்னும் அகலமாகிவிடுகிறது என்று பிறகு டாக்டர் படம் போட்டு விளக்கினார்.

ஜெம்போல் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றபடி கடிதம் எழுதிக் கொடுத்த அந்த இளம் டாக்டருக்குத்தான் என் முதல் நன்றி. அப்புறம் வேன் அண்ணனுக்கு. பகாவிலிருந்து செராஸ் போவது சும்மா இல்லை. குவாலா பிலா தாண்டி, புக்கிட் பூத்துஸ் மலைப்பாதை இறங்கி, சிரம்பானில் கொமுட்டர் ரயில் பிடித்து, பண்டார் தாசேக் செலாத்தானில் மாறி, எல்ஆர்டி ரயிலில் ஒரு ஸ்டேசன் போய் பண்டார் துன் ரசாக்கில் இறங்க வேண்டும். மூச்சு வாங்குகிற மனிதரை அப்படி அலைக்க முடியுமா? அண்ணன் விடியுமுன்னே வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். பெட்ரோல் காசை நீட்டினால் “பசியாறினீங்களா?” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

செராஸில் இருப்பது யூகேஎம் என்கிற மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்பத்திரி. இப்போது துவாங்கு முஹ்ரிஸ் பெயரில் இருக்கிறது, நாங்கள் இன்னும் எச்யூகேஎம் என்றுதான் சொல்கிறோம். படிப்பும் வைத்தியமும் ஒன்றாக நடக்கிற இடம் என்பதால் ஒரு பெரிய டாக்டருக்குப் பின்னால் நாலைந்து மாஸ்டர்ஸ் படிக்கிற டாக்டர்கள் நிற்பார்கள். முதல் நாள் அப்பாவுக்கு எரிச்சல். “என்னமோ கண்காட்சி மாதிரி பாக்கிறானுங்க.” ஆனால் இரவு எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் ஓடி வந்தவர்கள் அந்தப் படிக்கிற பிள்ளைகள்தான். தலையில் கண்ணாடி கட்டி, நாக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்த காலம் போய்விட்டது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்று போகிறது, அதன் முனையில் இருக்கிற கேமரா தொண்டையைத் திரையில் காட்டுகிறது. தன் குரல்நாணை அப்பாவே பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சொரசொரவென்று சதை. அதைப் பார்த்த பிறகு இருமல் மருந்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார்கள். கழுத்தில் துளை போட்டு, மூச்சுக்குழாயை அங்கேயே திருப்பி வைத்துவிடுவார்கள், இனி மூச்சு அந்த வழியாகத்தான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். “சத்தம் போயிட்டா அப்புறம் நான் எதுக்கு?” வீட்டில் யார் பேச்சும் எடுபடவில்லை.

அந்தப் பிரிவுக்கு நான் கடைசி வரை கடன்பட்டிருப்பது இந்த இடத்தில்தான். அறுவை, கதிர்வீச்சு, ஸ்கேன், பேச்சுப் பயிற்சி என்று ஒவ்வொரு துறைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசி முடிவெடுக்கிறார்கள். வெட்டிய பிறகு குரலுக்கு என்ன வழி என்பதை வெட்டுமுன்பே பேசிவிடுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் பேச்சுப் பயிற்சியாளர் வந்து அப்பாவோடு உட்கார்ந்தார். இதே ஆபரேஷனை ஏற்கெனவே செய்துகொண்ட சீன அங்கிள் ஒருவரையும் வரவழைத்தார்கள். அவர் கட்டைவிரலால் கழுத்துத் துளையை மூடிக்கொண்டு, கரகரத்த மலாயில், “இன்னும் பெண்டாட்டியோடு சண்டை போட முடிகிறது, பயப்படாதே” என்றார். அப்பா சிரித்துவிட்டார். அன்றே கையெழுத்துப் போட்டார். அந்த அங்கிளின் முகவரி என்னிடம் இல்லை, யாராவது இதை அவரிடம் சேர்த்தால் புண்ணியம்.

குரல்வளை இல்லாமல் எப்படிப் பேச முடிகிறது என்று ஊரில் கேட்காத ஆளில்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சின்ன சிலிக்கான் வால்வு ஒன்றைப் பொருத்துகிறார்கள். பேச வேண்டுமென்றால் கழுத்துத் துளையை விரலால் மூட வேண்டும். நுரையீரல் காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் ஏறும், அங்குள்ள தசை அதிர்ந்து சத்தம் வரும், நாக்கும் உதடும் அதைச் சொல்லாக்கிவிடும். வால்வு ஒரு பக்கம்தான் திறக்கும், அதனால் குடிக்கிற கோப்பி நுரையீரலுக்குப் போகாது. 1873இல் வியன்னாவில் பில்ரோத் என்ற டாக்டர் புற்றுநோய்க்காக முதன்முதலில் ஒருவரின் குரல்வளையை முழுதாக எடுத்தாராம். அதன்பின் நூறு வருசத்துக்கு மேல், ஏப்பம் விடுவது போல் காற்றை விழுங்கிப் பேசுவது, இல்லை கழுத்தில் ரீங்காரக் கருவியை வைத்துப் பேசுவது என்றுதான் பெரும்பாலானோர் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். 1980இல் அமெரிக்காவில் சிங்கர், பிளோம் என்ற இருவர் இந்த வால்வு முறையைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் தண்டலின் கழுத்தில் இப்போது இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

பயிற்சி கொடுத்தது ஒரு மலாய்ப் பெண். “பெலான்-பெலான், அங்கிள்” (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிக்கொண்டே மலாயில் சத்து, டுவா, தீகா என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொன்னார். அழுத்தி மூடினால் கழுத்து இறுகும், லேசாக மூடினால் காற்று புஸ்ஸென்று போய்விடும். எத்தனை எரிச்சல், எத்தனை கோபம்! அந்தப் பெண் முகம் சுளிக்கவே இல்லை. ஒரு நாள் “தீகா” தெளிவாக வந்தது. அம்மா பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதே பெண்தான் வாசனையையும் திருப்பிக் கொடுத்தார். மூக்கு வழியாகக் காற்றே போகாததால் வாசம் தெரியாமல் போய்விடுகிறது. வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் கொட்டாவி விடுகிற மாதிரி தாடையை இறக்கினால் மூக்கில் கொஞ்சம் காற்று இழுபடும். நெத்திலி பொரிக்கும்போது அப்பா அடுப்படிக்கு வந்து அப்படிச் செய்துவிட்டு, “உப்பு சாஸ்தி” என்றார். வாசனையில் உப்பு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டதற்குப் பதிலே இல்லை.

காத்திருக்கும் கூடத்தில் காதுக்குப் பின்னால் வட்டமாக ஒன்றை ஒட்டிய பிள்ளைகள் ஓடியாடுவார்கள். அது காது கேளாதவர்களைக் கேட்க வைக்கிற காக்ளியர் கருவி; 1995இல் இந்த நாட்டில் அதைப் பொருத்தத் தொடங்கியதும் இதே யூகேஎம்காரர்கள்தான்.

வால்வு நிரந்தரம் இல்லை. அதில் பூஞ்சை படியும், சில மாதத்தில் ஒழுகும், தண்ணீர் குடித்தால் இருமல் வரும், அப்போது கிளினிக்கில் வைத்தே மாற்றிவிடுவார்கள். செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். மருத்துவச் சமூகப் பணிப் பிரிவில் உதவிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்த அந்த அலுவலக அம்மாவுக்கும், கோயில் கமிட்டிக்கும், உண்டியல் வைக்க இடம் கொடுத்த இரும்புக்கடை முதலாளி தவுக்கேக்கும், ரத்தம் கொடுக்க வந்த தோட்டத்துப் பையன்களுக்கும், கதிர்வீச்சு நடந்த வாரங்களில் பாலக்கோங் வீட்டில் ஓர் அறையையே ஒதுக்கிக் கொடுத்த சித்திக்கும் எப்படி நன்றி சொல்ல!

ஓர் உதவி இன்னும் வேண்டும். அப்பா எங்காவது மயங்கி விழுந்தால் ஆக்சிஜன் மூடியை மூக்கிலோ வாயிலோ வைக்காதீர்கள், கழுத்துத் துளையில்தான் வைக்க வேண்டும். துண்டு போட்டு அதை மூடிவிடாதீர்கள். குப்பை கொளுத்துகிற பக்கம் அவர் உட்கார்ந்திருந்தால் எழுப்பி அனுப்புங்கள். பிள்ளைகள் கழுத்தை உற்றுப் பார்த்தால் திட்ட வேண்டாம், அவரே விரலை வைத்துப் பேசிக் காட்டுவார், அதில் அவருக்கு ஒரு பெருமை.

வரும் ஞாயிறு மதியம் கோயில் மண்டபத்தில் சாப்பாடு, சைவம்தான். அப்பா நாலு வார்த்தை பேசுவதாக அடம் பிடிக்கிறார். நாலு என்பது நாற்பதாகும், மைக் என் கையில்தான் இருக்கும், கவலை வேண்டாம். ஓராங் அஸ்லி பூர்வகுடிகளின் கம்போங்கிலிருந்து (கிராமத்திலிருந்து) வருபவர்களுக்கு வேன் அண்ணன் பதினொரு மணிக்கு எடுக்க வருவார், எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள்.