பூனைக்கு மணி கட்டிப் பார்த்தேன்

கரோரி, வெலிங்டன்
16 நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் ஒரு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் "வீட்டுக்குப் புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. மறுநாள் காலையில் பெரியம்மாவிடமிருந்து செய்தி: "இரட்டையாமே, மாடிப்படி ஏறாதே." அம்மா, வந்திருப்பது பூனைகள். நீ பாபநாசத்துக்கு நேர்ந்துகொண்டது எதுவாக இருந்தாலும் இப்போதைக்குத் தள்ளி வை.

போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, சாப்பிட்டியா" என்று கேட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருந்தாள் என்று சொன்னேனே, அவள் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். அங்கே பூனைகளைச் சேர்க்க மாட்டார்களாம். போவதற்கு முந்தின நாள் வேலி ஓரமாக நின்று, "உனக்குப் பூனை பிடிக்குமா?" என்று கேட்டாள். உன் மருமகன் வேலையிலிருந்து வருவதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். கறுப்புப் பூனையின் பெயர் மார்மைட். இங்கே ரொட்டியில் தடவித் தின்னும் கறுப்பு விழுது அது; ஒரே ஒரு முறை வாயில் வைத்துவிட்டு, பழைய புளிக்கரைசலில் உப்பைக் கொட்டினதுபோல இருக்கிறது என்றார் இவர். செவலை நிறப் பூனையின் பெயர் கூமரா. மாவோரி மொழியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. நான் அதைக் கிழங்கு என்றுதான் கூப்பிடுகிறேன். அதற்கும் திரும்பிப் பார்க்கிறது, சாப்பாட்டு நேரமாக இருந்தால்.

நம் வீட்டுப் பூனைக்குப் பெயர் இருந்ததா, யோசித்துப் பார். நெல் குலுக்கையடியில் ஒரு சாம்பல் பூனை, அது போனால் அதன் குட்டி, அவ்வளவுதான். மீன்காரி குரல் கேட்டதும் வாசலுக்கு வரும், ஒரு சாளைத் தலையை நீ எறிவாய். எலி பிடித்தால்தான் அதற்கு அந்த வீட்டில் இடம். நெல் மூட்டைப் பக்கம் எலி வாலைப் பார்த்துவிட்டால் ஆச்சி பூனையைத்தான் திட்டுவாள்: "தின்னுட்டுத் தூங்குது பாரு தண்டச்சோறு." இங்கே இரண்டுக்கும் டாக்டர் உண்டு, தடுப்பூசிச் சீட்டு உண்டு, தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப் உண்டு. சிப் இந்த நகரத்தில் கட்டாயம். என் பெயரும் போன் நம்பரும் அதோடு பதிவாகியிருக்கின்றன. பின்கதவின் கீழே பூனை நுழைய ஒரு குட்டிக் கதவு. எப்போது வேண்டுமானாலும் போகும், வரும், நம் வீட்டு மாமாவைப் போல.

அந்தக் குட்டிக் கதவுதான் வினை.

வந்த நாலாம் நாள், விடிகாலை நாலரை இருக்கும். 'டப்' என்று கதவுச் சத்தம். அப்புறம் ஒரு குரல். வாயில் எதையோ கவ்விக்கொண்டு பூனை கத்தும் கத்தல் தனி அம்மா, அழுகைக்கும் பெருமைக்கும் நடுவில் இருக்கும். விளக்கைப் போட்டால் என் கட்டிலோரச் செருப்பின் மேல் ஒரு பூச்சி. பூச்சியா அது! சில்வண்டுக்கும் வெட்டுக்கிளிக்கும் இடைப்பட்ட சாதி, என் சுண்டுவிரல் நீளம், பின்னங்கால்களில் வரிசையாக முள். அந்தக் கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு 'கர்ர்' என்று உரசியது. உன் மருமகன் கட்டிலின் மேல் ஏறி நின்றுவிட்டார். (இதை அப்பாவிடம் சொல்லாதே.) அதன் பெயர் வேட்டா. பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வேட்டைக்கென்றே பிறந்த பெயர். ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் நம் தினசரிக் காலண்டர் தாளைச் செருகி, கொண்டுபோய் மரத்தடியில் விட்டேன். மார்மைட் பின்னாலேயே வந்து, தான் தந்த சீரை நான் தூக்கி எறிந்ததுபோல என்னைப் பார்த்தது.

வேட்டாவோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளாது. செப்டம்பர் கடைசியில் ஒரு காலையில் கிழங்கு ஒரு குருவியை உயிரோடு கொண்டுவந்து சமையலறைப் பாயில் வைத்தது. பச்சை உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். நம் தோட்டத்து முருங்கைக்கு வரும் வெள்ளைக்கண்ணியேதான், அம்மா! கொஞ்சம் விலாவில் காவி நிறம், அவ்வளவுதான் வித்தியாசம். கையில் எடுத்தால் எடையே இல்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று அடிக்கிறது. காயம் என்று பார்த்தால் இறக்கையடியில் ஒரு புள்ளி. செருப்புப் பெட்டியில் துளை போட்டு, துணி விரித்து வைத்து, பஸ் ஏறி மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். அங்கே இந்த நாட்டுப் பறவைகளுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. வாங்கிக்கொண்ட பெண், "பூனையா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூனை வாயில் இருக்கும் கிருமி அந்தச் சின்னப் புள்ளி வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடுமாம். மறுநாள் செத்துவிட்டது.

மாவோரியில் அந்தக் குருவிக்குத் தௌஹோ என்று பெயர். 'புதிதாக வந்தவர்', 'அந்நியர்' என்று அர்த்தம். 1850களில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து கூட்டமாகக் கடல் தாண்டி வந்ததாம். நான் வந்தே இரண்டு வருஷம்தானே, அந்தப் பெயர் அன்று முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மேல் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு எலிப்பொறி வைக்கும் ஆள். வேர்க்கடலை வெண்ணெயைத்தான் இரையாக வைப்பார். நாம் கருவாடு வைப்போம், அது வேறு விஷயம். அவரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. உட்காரவைத்து டீ கொடுத்து ஒரு கதை சொன்னார்.

இந்த நாட்டில் மனுஷர் வருவதற்கு முன் நிலத்தில் வாழும் பாலூட்டி என்று சொல்ல வௌவால்தான் உண்டாம். எலி இல்லை, நாய் இல்லை, கீரி இல்லை. பகை எல்லாம் வானத்திலிருந்துதான், கழுகும் பருந்தும். அதனால் இங்கத்துப் பறவைகளில் பல பயந்தால் பறக்காதாம். அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிடுமாம். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இலையோடு இலையாகிவிடும். ஆனால் மோப்பம் பிடித்துக்கொண்டு கீழே வருகிற பிராணிக்கு? பூனை கண்ணை மூடினால் உலகம் இருட்டு என்று நாம் சொல்வோமே, இங்கே அது பறவையின் கதை.

குக் நீரிணையில் ஸ்டீவன்ஸ் தீவு என்று ஒன்று. 1894-ல் அங்கே கலங்கரை விளக்கம் வந்தது, காவலாளிகள் வந்தார்கள், பூனையும் வந்தது. அந்தத் தீவில் மட்டும் மிஞ்சியிருந்த, பறக்கத் தெரியாத ஒரு குட்டிக் குருவியைப் பூனை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட, லயல் என்ற காவலாளி அவற்றைப் பாடம் செய்து அனுப்பினார். அதே வருஷம் குருவிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அடுத்த வருஷம் அங்கே தேடினால் குருவி இல்லை. ஒரே பூனை ஒரு இனத்தையே தின்றுவிட்டது என்று கதையாகச் சொல்வார்களாம். இல்லை, அந்தப் பூனையின் வம்சம் பெருகித் தீவு முழுக்க வேட்டையாடியிருக்கிறது என்றார் பெரியவர். எனக்கு அதில் ஒன்றும் ஆறுதல் இல்லை.

நாங்கள் வந்திறங்கியபோது விமான நிலையத்தில் நீ கொடுத்த தென்னந்துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? வடகத்தைக்கூட முகர்ந்து பார்த்தார்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததால் தப்பித்தோம், சொல்லாமல் கொண்டுவந்திருந்தால் 400 டாலர் அபராதம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு துடைப்பம் இந்த நாட்டை என்ன செய்துவிடும் என்று. இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஸீலாண்டியா என்று ஒரு காடு. 225 ஹெக்டேர். அதைச் சுற்றி 8.6 கிலோமீட்டருக்கு வேலி. 2.2 மீட்டர் உயரம், உச்சியில் வெளிப்பக்கமாக வளைந்த தகரத் தொப்பி, பூனை தாவினாலும் பிடி கிடைக்காது. கம்பி வலை எலிகூட நுழைய முடியாத அளவுக்கு நெருக்கம். உள்ளே வளர்கிற பறவைகளுக்கு வேலி ஏது? தாண்டி எங்கள் தெருவுக்கும் வந்துவிடுகின்றன. கழுத்தில் வெள்ளைக் குஞ்சம் கட்டிய தூயி என்ற பறவை எங்கள் வேலியில் உட்கார்ந்து, கதவு கிறீச்சிடுவதுபோலவும் யாரோ இருமுவதுபோலவும் மாற்றி மாற்றிக் குரல் எடுக்கும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரே கேட்கிறதே, நான் கட்டினேன். ஒரு வாரத்தில் மார்மைட் மணி அசையாமல் நடக்கப் பழகிக்கொண்டது. பரதநாட்டியக்காரி சலங்கையோடு பூனை நடை நடந்ததுபோல! பூனை டாக்டரம்மா சிரித்துவிட்டு, இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-ல் இதையெல்லாம் சோதித்து எழுதியிருப்பதைச் சொன்னாள். மணியால் பெரிதாக எதுவும் குறையவில்லையாம். இறைச்சிச் சத்து அதிகமுள்ள உணவு கொடுத்தால் வீட்டுக்கு வரும் வேட்டை 36 சதவீதம் குறைகிறதாம். தினமும் ஐந்து, பத்து நிமிஷம் விளையாடினாலே 25 சதவீதம். கழுத்தில் பளிச்சென்ற வண்ணத் துணி மாட்டினால் பறவை மட்டும் 42 சதவீதம் குறைகிறது. பறவைக்கு நிறம் தெரியும், விலகிவிடும். இருட்டில் ஓடும் எலிக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

உன் பழைய சிவப்புச் சுங்கடிச் சேலை என் பெட்டியில் இருந்தது. கோபித்துக்கொள்ளாதே, முந்தானையில் ஒரு முழம்தான் வெட்டினேன். இரண்டு கழுத்துக்கும் சுருக்கம் வைத்துத் தைத்தேன். மார்மைட் இப்போது கரகாட்டத்துக்குக் கிளம்பினதுபோல இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஒரு குச்சி நுனியில் துணி கட்டிச் சாயங்காலம் பத்து நிமிஷம் ஆட்டுகிறேன். அப்புறம் இருட்டுவதற்குள் குட்டிக் கதவைத் தாழ் போட்டுவிடுகிறேன். பூனைக்கு வேட்டை வெறி ஏறுவது அந்தியிலும் விடியலிலும்தான். வெயில் நன்றாக ஏறிய பிறகே திறப்பு.

தாழ் போட்ட முதல் வாரத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு வலிக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு அலமாரியில் ஏறி, எவர்சில்வர் டம்ளர்களை ஒவ்வொன்றாக, நிதானமாக, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தள்ளுகிறது கிழங்கு. ஆறாவது டம்ளருக்கு உன் மருமகன், "இதுக்கு இரட்டைப் பிள்ளையே பெத்திருக்கலாம்" என்றார். இங்கத்துக் குளிரில் தோசை மாவு புளிக்காது. வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கிற அலமாரியில்தான் பாத்திரத்தை வைப்பேன். கதகதப்பைக் கண்டுபிடித்துவிட்டு மார்மைட் மூடியின் மேலேயே படுத்துக்கொண்டது. மாவு பொங்கி மூடியைத் தூக்க, அதுவும் கூடவே மெல்ல உயர்ந்திருக்க வேண்டும். காலையில் வயிறெல்லாம் மாவு. அந்த மாவை என்ன செய்தாய் என்று கேட்காதே. கொட்டிவிட்டேன், சத்தியமாக.

பகலில் ஜன்னலில் உட்கார்ந்து தூயியைப் பார்த்தபடி இரண்டும் தாடையை 'கடகட'வென்று ஆட்டுகின்றன, குளிரில் பல் அடிப்பதுபோல. கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் பிறந்திருந்தால் இதே வேலைக்குச் சாளைத் தலை கிடைத்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் கிழங்கு ஒரு கொழுத்த எலியைக் கொண்டுவந்து வாசற்படியில் நீட்டிப் போட்டது. ஓடிப்போய்ப் பெரியவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து, வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "நல்ல பையன்" என்று அதன் தலையைத் தடவினார். அன்றைக்கு இரண்டுக்கும் டின்னில் அடைத்த மத்தி வாங்கிக் கொடுத்தேன். நம் சாளையேதான், ஆனால் தலை இல்லை. கிழங்கு சுற்றிச் சுற்றி முகர்ந்துவிட்டுத் தின்றது.

கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி வருகிறேன், அப்பா உரக் கணக்கு எழுதுவதுபோல. அக்டோபர்: எலி 2, சுண்டெலி 3, வேட்டா 5, குருவி 1. நவம்பர் இன்றுவரை: எலி 1, வேட்டா 2, குருவி இல்லை. உன் மருமகனின் சாக்ஸ் 1, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

குலுக்கையடிப் பூனை குட்டி போட்டுவிட்டதா? போட்டிருந்தால் ஏழு வீடு மாற்றும் என்று விரட்டாதே, மாற்றட்டும். அடுத்த வருஷத் தினசரிக் காலண்டரை யாராவது வருகிறவர்களிடம் கொடுத்துவிடு. நாகர்கோவில் பக்கத்துக் கடைக் காலண்டர் வேண்டாம், பின்பக்கமும் விளம்பரம் அச்சடித்திருப்பான். வெறுந்தாளாகப் பார்த்து வாங்கு.

பெரியம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

அன்பு மகள்