கட்டிலிலிருந்து வண்டி வரை: எங்கள் நன்றி

வணக்கம்.

முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் ஆபத்து நேரத்தில் வெளியேற்றும் திட்டத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்த எல்லாருக்கும் இந்த மடல். யார் எதைத் திருத்தினார்கள் என்பதும் பதிவாகட்டும். அடுத்து திட்டம் போடுகிறவர்களுக்கு உதவும்.

ஸ்டாப்வாட்சோடு வந்த தன்னார்வலர்களிடமிருந்து தொடங்குகிறோம். ஒத்திகை நேரத்தை வாசலிலிருந்து அளப்பதுதான் பழக்கம். நீங்கள் கட்டிலிலிருந்து அளந்தீர்கள். எழுப்புவது, டயப்பர் மாற்றுவது, காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) மாட்டுவது, நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் வாசலுக்கு முன்பே நடக்கிறவை. நேரம் கரைவதும் அங்கேதான். வண்டியில் ஒவ்வொரு சக்கர நாற்காலியையும் நான்கு பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்ட வேண்டும், ஆளுக்குத் தனி பெல்ட். ஒரு வண்டியில் இரண்டு நாற்காலிதான் நிற்கும் என்றால் ஆறு பேருக்கு மூன்று நடை. அதனால்தான் மற்றவர்களுக்குத் ‘தயாராக இருங்கள்’ என்று சொல்லும் நேரத்தில், இவர்கள் கிளம்பியாக வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் சொன்னது அதைவிட அதிகம். கைதாங்கியும் கால்தாங்கியும் கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும், ஆள் கீழே. பிடிக்க வேண்டியது கழலாத சட்டத்தை. எதைப் பிடிக்கலாம் என்பதை உட்கார்ந்திருப்பவரையே கேட்க வேண்டும். பேட்டரி நாற்காலிகள் பல, ஆளில்லாமலே 100 கிலோவைத் தாண்டும். அதைப் படியில் தூக்கும் யோசனையையே அடித்துவிட்டீர்கள். சமதளத்தில் தள்ளவும், மோட்டார் பிடியை விடுவிக்கும் நெம்புகோலைத் திருப்பினால்தான் சக்கரம் உருளும். அது இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் வேறு. திட்டத்தில் இப்போது ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு புகைப்படம் இருக்கிறது. சரிவில் மட்டும் அந்த நெம்புகோலைத் தொடக் கூடாது, பிரேக்கும் சேர்ந்தே விட்டுவிடும். இன்னொன்று குஷன். தண்டுவடம் பாதித்தவர் அது இல்லாமல் சில மணி நேரம் உட்கார்ந்தாலே அழுத்தப் புண் தொடங்கலாம். வலி தெரியாது, ஆற மாதங்கள் ஆகும். பையை மறந்தாலும் குஷனை மறக்காதீர்கள்.

படியிறக்கும் நாற்காலியைப் பழக்கிய பயிற்சியாளர்களுக்கும் நன்றி. அதன் ரப்பர் பட்டை இரண்டு படி விளிம்புகளில் அமர்ந்த பிறகுதான் உராய்வு வேகத்தைப் பிடிக்கும். முதல் படியில் எல்லாரும் பயந்து பின்னுக்கு இழுப்பது அதற்குள்தான். வாங்கி மூலையில் வைத்தால் போதாது, ஆளை உட்கார வைத்துப் பழக வேண்டும்.

செவித்திறன் குறைந்தவர்கள் எங்கள் அலாரத்தையே மாற்ற வைத்தார்கள். வழக்கமான புகை அலாரம் 3,100 ஹெர்ட்ஸ் வாக்கில் கூவும். வயதாகும்போது முதலில் தேய்வது அந்தக் கீச்சொலியைக் கேட்கும் திறன். காதுக் கருவியையும் இரவில் கழற்றி வைத்திருப்பார்கள். 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி அவர்களைக் கூடுதலாக எழுப்புகிறது. அறவே கேளாதவருக்குத் தலையணைக்கு அடியில் அதிரும் தட்டு. இருட்டில் டார்ச்சை அவர் முகத்தில் அடிக்காமல், பேசுகிறவர் தன் முகத்திலும் கையிலும் அடித்துக்கொள்ள வேண்டும்.

பார்வையற்றவரை இழுக்கவோ தள்ளவோ வேண்டாம், முழங்கையை நீட்டினால் போதும் என்பது பலருக்கும் தெரியும். முகாமில் அவரை ஒரு நாற்காலியில் விட்டுவிட்டுப் போனால் அவர் அங்கேயே சிறைப்பட்டவர் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. சுவரைத் தொடவைத்து, கழிப்பறைக்கும் வாசலுக்கும் ஒருமுறை நடத்திக் காட்டுவதை இப்போது சேர்த்திருக்கிறோம்.

மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் சுருக்கமாகச் சொன்னார்கள்: “கிளம்பலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றுதான் பதில் வரும். “செருப்பைப் போடுங்க” என்று ஒரு நேரத்தில் ஒரே வேலை. தனியே விட்டால் வீட்டைத் தேடித் திரும்பிப் போய்விடுவார்கள். அடுத்துப் பார்த்துக்கொள்பவரிடம் கைமாற்றும் வரை ஒருவர் உடனிருக்க வேண்டும்.

செவிலியர்கள் கணக்குப் போட்டுத் தந்தார்கள். 680 லிட்டர் ஆக்ஸிஜன் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 மணி 40 நிமிடம் வரும். முழுவதும் காலியாகும் வரை ஓட்டக் கூடாது. 4 மணி நேரம் என்று எழுதிக்கொண்டோம். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரை மட்டும் நம்பினால் மின்சாரம் போனதும் அது வெறும் பெட்டி. இன்சுலினைப் பனிக்கட்டியோடு நேரடியாக வைக்கக் கூடாது, உறைந்தால் பயன்படாது. வலிப்பு மாத்திரையும் பார்க்கின்சன் மாத்திரையும் திடீரென்று நிற்கக் கூடாதவை. அவை பையின் மேலறையில்.

உதவி தேவைப்படுவோர் பட்டியலில் பெயர் சேர்க்க மறுத்தவர்களுக்கும் தனியாக ஒரு நன்றி. தனியே இருக்கும் முதியவரின் விலாசம் எல்லார் கையிலும் சுற்றுவது ஆபத்து என்றீர்கள். நியாயம். இனி ஒவ்வொருவருக்கும் அவரே தேர்ந்தெடுத்த இரண்டு துணையாட்கள், ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். விவரத்தாளின் ஒரு பிரதி அவர்களிடம், இன்னொன்று ஒட்டிய உறையில் ஒருங்கிணைப்பாளரிடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தும் தொலைபேசி எண்ணும் சரிபார்த்து, பழைய தாளைக் கிழித்துவிடுகிறோம்.