வீட்டில் இருக்கும் செவிலியர்களைக் கூப்பிடுங்கள்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் நர்சிங் கவுன்சிலுக்கும் வணக்கம்.

பிரசவ வார்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு நைட் டியூட்டி முடியவில்லை. பகல் ஷிஃப்ட் மட்டும் கேட்டேன். வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் முடியாது என்றார்கள். நின்றுவிட்டேன். இப்போது பிள்ளைகள் தாங்களாகவே பள்ளிக்கூடம் போய்வருகிறார்கள். என் படிப்போ தெருக்காரர்களுக்கு பி.பி. பார்ப்பதோடு சரி. என்னுடன் படித்தவர்களில் இப்படிப் பலர்.

திரும்பி வர ஆசைதான், பயமும் இருக்கிறது. நாங்கள் படித்தபோது கருப்பை வாய் 4 செ.மீ. விரிந்ததும், பிரசவம் எப்படிப் போகிறது என்று குறித்துவரும் பார்ட்டோகிராஃப் படிவத்தைப் போடத் தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட புதிய படிவம் 5 செ.மீ.யில் தொடங்குகிறது. ஒரு ஜூனியர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பிரசவம் மெதுவாகப் போகிறது என்று அவசரப்படுவதா, இன்னும் பொறுப்பதா என்ற முடிவே அதில்தான் இருக்கிறது. இதெல்லாம் தெரியாமல் லேபர் டேபிள் பக்கம் போகக் கூடாது. மறக்காததும் உண்டு: குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி, 10 யூனிட். தூக்கத்தில் எழுப்பினாலும் என் கை அந்த ஊசியைத்தான் தேடும்.

பிரிட்டனில் செவிலியர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 450 மணி நேரமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். பதிவு விட்டுப்போனவர்கள் திரும்பி வருவதற்கென்றே பல்கலைக்கழகங்களில், வார்டுப் பயிற்சியோடு, தனிப் படிப்பு இருக்கிறது. கண்டிப்பும் உண்டு, வழியும் உண்டு.

இங்கேயும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மூன்று மாதம், உதவித்தொகையோடு பயிற்சி கொடுங்கள். அப்புறம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பகல் வேலை. ஒன்று மட்டும் வேண்டாம். பணி நிரந்தரம் கேட்டுப் போராடும் ஒப்பந்தச் செவிலியர்களின் இடத்தில் எங்களைக் குறைந்த சம்பளத்துக்கு உட்காரவைக்காதீர்கள். அவர்கள் வயிற்றில் அடித்துவிட்டு எனக்கு வேலை வேண்டியதில்லை.

1926-ம் வருடச் செவிலியர் சட்டப்படி தொடங்கிய நர்சிங் கவுன்சில் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. அதில் உள்ளவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். காலை எட்டு மணியிலிருந்து மூன்று மணி வரை என்றால், பயிற்சிக்கு நான் நாளைக்கே வருவேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஸ்டாஃப் நர்ஸ்